தாய்ஜோபு: ஜப்பானியரின் ‘பரவாயில்லை’

படியில் தடுக்கி விழுந்தவரிடம் ஜப்பானியர் கேட்பது ‘தாய்ஜோபு தெஸ் கா?’ எழுந்தவர் சொல்வது ‘தாய்ஜோபு தெஸ்’. முதல் எழுத்தை ‘அந்த’வில் வரும் ‘த’ போலவும், கடைசி எழுத்தை ‘அன்பு’வில் வரும் ‘பு’ போலவும் ஒலிக்க வேண்டும். ஜோ நெடில், குறுக்கக் கூடாது.

எழுதுவது மூன்று சீன எழுத்துகளில். முதலாவது ‘பெரிய’, மூன்றாவது ‘ஆண்’. நடுவில் உள்ள ‘ஜோ’ ஒரு நீட்டலளவை. இன்றைய ஜப்பானியக் கணக்கில் அது சுமார் 3 மீட்டர். பழஞ்சீனத்தில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம்தான். ஆக, மூன்றும் சேர்ந்தால் மாமனிதன். செல்வத்தால் கெடாதவன், வறுமையில் அசையாதவன், அதிகாரத்துக்கு வளையாதவன் என்று பழஞ்சீனத் தத்துவஞானி மென்சியஸ் இலக்கணம் வகுத்தது இவனுக்குத்தான். சீன பௌத்த நூல்களில் ‘மகாபுருஷன்’ என்ற வடசொல்லுக்கும் இதே எழுத்துகள் வரும். ஜப்பானில் இந்த ஆள் மெல்ல மறைந்து, அவனுடைய உறுதி மட்டும் சொல்லில் தங்கியது. உறுதியானது என்றால் நம்பலாம். நம்பலாம் என்றால் கவலையில்லை. ‘தாய்’ சேராத ‘ஜோபு’வுக்கு இன்றும் பழைய பொருள்தான்: ‘ஜோபு நா குட்சு’ என்றால் எளிதில் பிய்யாத காலணி.

வெளியூர்க்காரர் தடுமாறும் இடம் கடை. 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குவது கட்டாயம் என்பதால், கல்லாவில் இருப்பவர் பை வேண்டுமா என்று கேட்பார். ‘தாய்ஜோபு தெஸ்’ என்றால் ‘வேண்டாம், சமாளித்துக்கொள்வேன்’ என்று பொருள். சரி என்று சொல்வதாக நினைத்து இதைச் சொன்னால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். பை வேண்டுமென்றால் ‘ஒனெகாய் ஷிமஸ்’. ‘இரிமசென்’ என்றும் மறுக்கலாம், ஆனால் கொஞ்சம் வெட்டிப் பேசுவது போல இருக்கும். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் ‘மொந்தாய் அரிமசென்’, அதாவது ‘சிக்கலில்லை’ என்பதே பாந்தம்.

தமிழில் இத்தனைக்கும் கைகொடுப்பது ‘பரவாயில்லை’தான். அதுவும் இரவல், ‘பர்வா’ என்ற பாரசீகச் சொல் இந்துஸ்தானி வழியாக வந்து நம் ‘இல்லை’யோடு ஒட்டிக்கொண்டது. தனித்தமிழில் ‘தாழ்வில்லை’ என்பார்கள். அது ‘மோசமில்லை’ என்ற பொருளுக்குத்தான் பொருந்தும். தாய்ஜோபுவுக்கு இல்லாத பொருளும் அதுவே. எனவே இடத்துக்கு ஏற்றபடி, விழுந்தவர் வாயில் ‘ஒன்றும் ஆகலை’, கடையில் ‘வேண்டாங்க’, பாலை முகர்ந்து பார்ப்பவரிடம் ‘கெடலை, குடிக்கலாம்’ என்று பெயர்ப்பதே சரி. சாப்பாடு சுமார் என்று சொல்ல ஜப்பானியரிடம் வேறு சொல் இருக்கிறது: ‘மாஅமாஅ’.