இதயத் தசைக்குள் டாக்சோபிளாஸ்மா

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கடைமுன் நடைபாதையான அஞ்சடிகளில் பூனை படுத்திராத கடை அபூர்வம். டாக்சோபிளாஸ்மா கோண்டி என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முட்டை போன்ற உறைகளை உண்டாக்கும். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை. முதன்முறை தொற்று கண்ட பூனை ஓரிரு வாரம்தான் அவற்றை மலத்தில் வெளியேற்றும். மனிதனுக்கு வர இன்னொரு வழி, சரியாக வேகாத ஆட்டிறைச்சி.

பிறை வடிவ ஒட்டுண்ணியின் நீளம் சுமார் 6 மைக்ரோமீட்டர். இதயத் தசைச் செல்லோ 100 மைக்ரோமீட்டர் வரை நீளும். உள்ளே நுழைய அரை நிமிடம் போதும். செல்லின் சவ்வையே உள்ளிழுத்துத் தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொள்கிறது. செல் தான் விழுங்கியதை லைசோசோம் என்ற செரிமானப் பைக்கு அனுப்பிச் செரித்துவிடும். ஆனால் இந்தப் பை உருவாகும்போதே செல்லின் புரதங்களை ஒட்டுண்ணி வடிகட்டிவிடுகிறது. அதனால் லைசோசோம் பக்கத்தில் இருந்தும் பையோடு சேர்வதில்லை. 8 மணி நேரத்துக்கொரு முறை இரட்டித்தாலும் இரண்டே நாளில் ஒன்று 64 ஆகும். பிறகு செல் வெடிக்கும்.

அப்போது நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்ட மனிதச் செல்கள் பலவும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கத் தொடங்கும். அதைச் சொந்தமாகத் தயாரிக்கத் தெரியாத ஒட்டுண்ணி பட்டினி கிடக்கும். ஆனாலும் எல்லாம் சாவதில்லை. சில வேகத்தைக் குறைத்து, கெட்டிச் சுவருள்ள நீர்க்கட்டிக்குள் ஒடுங்கிவிடும். இரண்டாகப் பிரிந்து பெருகாத தசைச் செல் இதற்கு நல்ல இடம். பல ஆண்டுகள் கலையாமல் இருக்கலாம்.

வெடித்த செல்லின் இடத்தைப் புதுச் செல் நிரப்புவது மிக அரிது. தழும்பு நார்தான் வரும். நார் சுருங்காது, மின்துடிப்பையும் கடத்தாது. தழும்பு பரவினால் துடிப்பு தடுமாறும்.

பெரும்பாலோருக்கு இது தெரியாமலே போகும். மாற்று இதயத்தில்தான் சிக்கல்: கொடையாளியின் தசையிலுள்ள நீர்க்கட்டி, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து சாப்பிடுபவரின் உடம்பில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் இருவர் ரத்தத்தையும் முன்பே சோதித்து, தேவைப்பட்டால் கோட்ரைமாக்சசோல் என்ற தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள்.

கொதிக்கும் ஆட்டுக்கறிக் குழம்பில் நீர்க்கட்டி பிழைக்காது. கொத்துக்கறி 71 டிகிரி செல்சியஸ் எட்டட்டும். பச்சையாக நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பதுதான் ஆபத்து. மைனஸ் 18 டிகிரியில் சில நாள் உறைய வைத்தாலும் பெரும்பாலும் அழியும். பூனையின் மணல் தட்டைத் தினமும் காலி செய்யுங்கள்: மலத்திலுள்ள உறைகள் தொற்றும் நிலைக்கு முதிர ஒரு நாளாவது ஆகும்.