இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் ஊசி சிவப்பைத் தொட்டால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்

தக்கலையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்து வரப்படும் பழைய கார்களின் உரிமையாளர்கள் பலரும் சொல்வது இதுதான்: "ஊசி மேலே ஏறியது அண்ணாச்சி, வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிட்டேன்." வெடித்த ஹோஸை (தண்ணீர் போகும் ரப்பர் குழாயை) மாற்றிச் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, அந்தக் கடைசி நான்கைந்து கிலோமீட்டரில்தான் பல ஆயிரம் ரூபாய்ச் செலவாகிறது. மாருதி 800 போன்ற வண்டிகளில் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவு மீறிச் சூடானால் அது வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தாமல் வண்டி ஓடாது.

ஏறிய ஊசி திடீரென்று இறங்கினால் மகிழ வேண்டாம். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சாரைச் சுற்றி நீர் இல்லாததால் அது தவறாகக் காட்டும். 'தானாகவே ஆறிவிட்டது' என்று நம்பி மேலும் ஓட்டியவர்களின் இன்ஜின்களைத்தான் நான் மிக மோசமான நிலையில் பார்த்திருக்கிறேன்.

ஊசி ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வையுங்கள். அதுவும் தண்ணீரை ஆறவைக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான், இன்ஜினின் வெப்பத்தைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரமாவது தொடக்கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அப்படி வெந்த கைகளைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, உலோகம் விரிசல் விடும்.

மெக்கானிக்கிடம் வரும்போது எப்போது சூடானது என்று சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது இறங்கினால் பெரும்பாலும் ஃபேன், அதற்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான ரிலே அல்லது ஒயரில் கோளாறு. கோதையாறு ஏற்றத்திலோ நான்குவழிச் சாலை வேகத்திலோ சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளைப் பொடியாக்கிவிடுகிறது. ஃபேன் கனெக்டரில் பச்சை பூத்திருக்கும். இதோடு உப்பு நிறைந்த போர்வெல் தண்ணீரையே ஊற்றிவந்தால் உள்ளேயும் படிவு அடைக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பதாக இருந்தால் அப்படியே ஊற்றலாம்.

எனக்குக் கோபம் வருவது தெர்மோஸ்டாட் விஷயத்தில். "அதைக் கழற்றி எறிந்தால் வண்டி சூடாகாது" என்ற யோசனை நம் மாவட்டம் முழுக்க உலவுகிறது. 82 முதல் 88 டிகிரி வாக்கில் திறந்து நீரை ரேடியேட்டருக்கு விடுவதுதான் அதன் வேலை. அது திறக்காமல் சிக்கியிருந்தால் புதிது போட வேண்டும். கழற்றிவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், எரிபொருள் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். அடைபட்ட ரேடியேட்டரோ அடைபட்டபடியே இருக்கும்.

"ஹெட்டைத் திறக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். முதலில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஹெட் கேஸ்கெட் போனதன் அடையாளங்களாக, வெளியே கசிவே இல்லாமல் தண்ணீர் குறைகிறதா, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறதா, ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். மாற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

செலவழிக்கலாமா, விற்றுவிடலாமா? ஹெட் மட்டும் போய், அடிப்பாகம் துருவில்லாமல் இருந்தால் செய்யுங்கள் என்றே சொல்வேன். அடித்தகடு அரித்து, இன்ஜின் ஆயிலும் குடிக்கிற வண்டிக்கு வேண்டாம். 15 ஆண்டு கடந்த காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டிலேயே கூலன்ட் மாற்றுகிறவர்கள் பழையதை முற்றத்தில் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். நாயோ குழந்தையோ நக்கிவிடாமல், சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.