பயஸ்: சார்பா, சாய்வா, உட்கோட்டமா?

'பயஸ்' (bias) என்னும் சொல், சரிவான கோட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்றது. புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்தில், அக்காலத்தில் பந்தின் ஒரு பக்கம் வேண்டுமென்றே கனமாக்கப்பட்டிருக்கும். எவ்வளவு நேராக உருட்டினாலும் அது வளைந்தே ஓடும். அந்த வளைவையும் பயஸ் என்றே அழைத்தார்கள். 1970களில் உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் இச்சொல்லை உளவியலில் நிலைபெறச் செய்தபோது, குறுக்குவழியில் முடிவெடுக்கும் மனம் ஒரே திசையில் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை என்பது அதன் பொருளாயிற்று.

தமிழில் இதற்குப் பெரும்பாலும் 'சார்பு' என்றே எழுதுகிறோம். ஆனால் கணிதப் பாடநூலில் சார்பு (function) வேறொன்று. 'அரசின் சார்பில்' என்னும்போது அதற்கு இன்னொரு பொருள். பாரபட்சம், ஓரவஞ்சனை ஆகிய சொற்கள் நன்றாகப் புழங்குபவைதாம்; எனினும் அவை தெரிந்தே செய்யும் செயலைக் குறிக்கின்றன. செய்கிறவருக்கே தெரியாமல் நிகழும் சாய்வுக்கு அவை பொருந்தா.

அந்தத் தெரியாமைதான் இங்கே முக்கியம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உயிரியல், வேதியியல், இயற்பியல் பேராசிரியர்கள் 127 பேரிடம், ஆய்வகப் பொறுப்பாளர் பணிக்கான ஒரே விண்ணப்பம் தரப்பட்டது. சிலரிடம் சென்ற படியில் ஜான் என்றும், மற்றவர்களிடம் சென்றதில் ஜெனிஃபர் என்றும் பெயர் இருந்தது. மற்றபடி ஓர் எழுத்தும் மாறவில்லை. ஜானுக்குத் தரலாம் என்று அவர்கள் சொன்ன ஆண்டுச் சம்பளத்தின் சராசரி ஏறத்தாழ 30,200 டாலர்; ஜெனிஃபருக்கு 26,500. ஜானே திறமை மிக்கவர் என்றும் மதிப்பிட்டார்கள். பெண் பேராசிரியர்களின் மதிப்பீடும் அப்படியே இருந்தது என்பதால், இதை ஆண்கள் பெண்கள்மேல் காட்டும் பகை என்று சொல்லிவிட முடியாது.

இவ்வகைச் சாய்வுக்குப் பொருத்தமான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர், 'சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்' (119) என்கிறார். உள்ளத்தில் கோணல் இல்லாதிருப்பது உறுதியானால், சொல்லில் கோணல் இல்லாமையே நடுவுநிலைமை என்பது இதன் பொருள். கோட்டம் என்றால் வளைவு; ஆக, பிரெஞ்சு மூலத்தின் சரிவும் பந்தின் வளைவும் இச்சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன. வெளிப்படையாகப் பேசும் சாய்வு சொற்கோட்டம். பேச்சு நேராக இருக்கும்போதும் உள்ளே கிடப்பது உட்கோட்டம். குறள் கருதியது அறிந்தே கொள்ளும் மனக்கோணலாகவும் இருக்கலாம். ஆயினும் சொல்லையும் உள்ளத்தையும் அது பிரித்துக் காட்டும் நுட்பம், ஆய்வாளர்கள் வெளிப்படைச் சாய்வு, மறைமுகச் சாய்வு என்று செய்யும் பிரிவினையோடு அப்படியே பொருந்துகிறது.

'பாலின வேறுபாடு' என்பதையும் பாலினம் பற்றிய உட்கோட்டத்தையும் குழப்பிக்கொள்ளலாகாது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகள் 46ஐத் திரட்டி 2005இல் உளவியலாளர் ஜேனட் ஹைட் வெளியிட்ட கட்டுரையின்படி, உளவியல் அளவைகளில் ஆண், பெண் வேறுபாடுகளுள் 78 விழுக்காடு சிறியவை அல்லது இல்லை என்று சொல்லத்தக்கவை. பந்தெறியும் வேகம் போன்ற சிலவற்றில்தான் இடைவெளி பெரிது. வேறுபாடு என்பது இரு கூட்டங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள தொலைவு. அந்தச் சராசரியை, அது உண்மையானாலும் கற்பனையானாலும், எதிரே இருக்கும் ஒரு மனிதர்மேல் ஏற்றிவைப்பதே பாலின உட்கோட்டம்.

இச்சொல்லைக் கையாள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொற்களை வகைப்படுத்தும் வேகத்தைக் கொண்டு உட்கோட்டத்தை அளக்கும் சோதனை ஒன்று 1998இல் அறிமுகமாயிற்று. அதை உருவாக்கிய ஆண்டனி கிரீன்வால்டும் இந்தியாவில் பிறந்த மஹ்சரின் பனாஜியும் இத்துறையின் முன்னோடிகள். ஆனால் ஒருவரே மறுநாள் அச்சோதனையைச் செய்தால் மதிப்பெண் கணிசமாக மாறக்கூடும். அதை வைத்து அவர் நடத்தையைக் கணிப்பதும் கடினம். எனவே ஒரு துறையிலோ நிறுவனத்திலோ உட்கோட்டம் காணப்படுகிறது என்று எழுதலாம். இன்னாருக்கு அது இருப்பது சோதனையில் உறுதியாயிற்று என்று எழுதுவது தவறு.