காலாவதியான கடனும் யூதச் சட்டமும்

"புரோநோட்டு எழுதி மூன்று வருடம் தாண்டிவிட்டதே சார், இனிப் பணம் கட்ட வேண்டியதில்லைதானே?" வழக்கறிஞர் தொழிலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. வழக்குப் போடும் உரிமைதான் காலாவதியாகிறது, கடன் அழிவதில்லை என்றால் கேட்டவர் முகம் வாடிவிடும். யூதச் சட்டமாகிய ஹலாக்காவின் பார்வையை அவரிடம் சொன்னால் இன்னும் வாடக்கூடும்.

ஹலாக்காவில் கடன் என்பது வாங்கியவர் தலைமேல் ஏறும் கடமை. அவருடைய சொத்தின் மேல் ஏறும் பாத்தியதை அதற்கு அடுத்தபடியாக வருவது. கடனைத் தீர்ப்பது ஒரு 'மிட்ஸ்வா', அதாவது இறைக்கட்டளை என்று யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ராவ் பாப்பா என்ற அறிஞர் கூறுகிறார். எபிரேயத்தில் கடனுக்கு 'ஹோவ்', கடமைக்கு 'ஹோவா'. கடன் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பத்திரம் பழசாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் அங்கே கடன் தள்ளுபடியாவதில்லை. சாட்சியில்லாமல் கடன் கொடுப்பதையே தல்மூது குருடன் முன் தடுக்கல் வைப்பதற்கு ஒப்பிடுகிறது. வாங்கியவருக்கு மறுக்கும் ஆசையை அது உண்டாக்கிவிடுமாம். நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு என் முன் கைபிசைந்து நிற்பவர்களை அப்போது நினைத்துக்கொள்வேன்.

வசூலிப்பவருக்கும் கடிவாளம் உண்டு. அடகுப்பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்கிறது பைபிளின் உபாகமம் 24ஆம் அதிகாரம். திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, ஏழையின் போர்வையைப் பொழுது சாயும்போது திருப்பித் தர வேண்டும் என்பவையும் அங்கேயே உள்ளன. சொத்தை எடுக்கும்போதும் 30 நாள் உணவையும் 12 மாதத்துக்கான உடையையும் கடனாளியிடம் விட்டுவைக்க வேண்டும் என்று பிற்கால அறிஞர்கள் வரையறுத்தனர்.

காலம் கரைக்காத கடனை ஏழாம் ஆண்டு விடுவிக்கிறது. ஏழாண்டுச் சுற்றின் கடைசியான, ஷெமிட்டா எனப்படும் அந்த ஆண்டின் முடிவில் கடன்கள் விடுதலையாகும் என்பதால், அது நெருங்கும்போது ஏழைகளுக்குக் கடன் கொடுக்கவே ஆளில்லாமல் போயிற்று. இதைக் கண்ட ஹில்லேல் என்ற பழங்கால அறிஞர், கடன்கள் விடுதலையாகாதபடி அவற்றை நீதிமன்றத்தின் வசம் ஒப்படைக்கும் 'புரோஸ்புல்' என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். 2022 செப்டம்பரில் முடிந்த ஷெமிட்டாவின்போதும் அது கையெழுத்தானது. புரோஸ்புல் இல்லாத கடனை ஏழாம் ஆண்டுக்குப் பின் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால், கொடுத்தவர் "விடுவித்துவிட்டேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். வந்தவர் "இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் பெற்றுக்கொள்ளலாம் என்கிறது தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பான மிஷ்னா.