மனித உயிரின் புனிதம்: சொல்லும் பொருளும்

வன்னியில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் இந்தத் தொடரைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. கருக்கலைப்பைப் பற்றிப் பிரசங்கம் என்றால் ‘மனித உயிரின் புனிதம்’. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தால் அங்கேயும் அது. தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்கள் என்று கதை எழும்பினால் ஆயர்களின் அறிக்கையிலும் அதுவே. காது பழகிவிட்டது. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, “உயிர் சுத்தமானது எண்டுதானே சுவாமி இதுக்கு அர்த்தம்?” என்று கேட்டால் ஓம் என்பதா, இல்லை என்பதா?

இல்லை என்பதுதான் சரி. இந்தத் தொடரில் வரும் புனிதத்துக்கும் சுத்தத்துக்கும் நெருங்கிய உறவு கிடையாது. மனித உயிர் கடவுள் கொடுத்தது, அவருடைய உருவைத் தாங்கி நிற்பது, தொடக்கம் முதல் முடிவு வரை அவருக்கே உரியது. ஆகவே குற்றமற்ற ஓர் ஆளின் உயிரை எடுக்க வேறு எவருக்கும் உரித்து இல்லை என்பதே கிறிஸ்தவர்கள் இதனால் சொல்லவருவது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2258ஆம் எண்ணில் சொல்வதன் சாரமும் இதுதான். யாருடையது என்பதே இங்கே கேள்வி. எவ்வளவு துப்புரவானது என்பதல்ல.

சொல் வந்த வழியைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். மேலைத் திருச்சபை இதற்குப் பயன்படுத்தும் இலத்தீன் சொல்லின் வேர் ‘சாங்க்துஸ்’. ‘சன்சீரே’ என்ற வினையிலிருந்து வந்தது. ஒன்றை மீறக்கூடாது என்று சட்டத்தாலோ சமயச் சடங்காலோ உறுதிப்படுத்துவது அதன் பொருள். பழைய உரோமைச் சட்டத்தில் நகரத்தின் மதிலும் வாசலும் ‘சாங்க்துஸ்’ வகைப் பொருள்கள். மதிலில் பாசி பிடித்திருக்கும், காக்கை எச்சமிட்டிருக்கும், அது ஒரு பொருட்டல்ல. ஏறிக் குதிக்கக்கூடாது, இடிக்கக்கூடாது, அவ்வளவுதான். எபிரேய மொழியில் ‘கதோஷ்’ என்று ஒரு சொல் இருக்கிறது. வேறாகப் பிரித்துக் கடவுளுக்கென்று வைத்தது என்பது அதன் பொருள். நம் ஊரில் இதற்கு நல்ல உவமை கோயில் காணி. வேலி விழுந்து, பற்றை மண்டி, பாம்பு குடியிருந்தாலும் அது கோயில் காணிதான். அதில் ஒரு பரப்பை அறுத்து விற்க ஊரில் எவனுக்கும் துணிவு வராது. சிவன் சொத்துக் குலநாசம் என்று சைவர்கள் சொல்வதைக் கிறிஸ்தவர்களுக்கும் விளக்கத் தேவையில்லை.

தமிழுக்குள் வரும்போதுதான் பொருள் திரும்பிவிடுகிறது. போர்த்துக்கேயர் காலத்துச் செபங்களில் இந்தச் சொல் அப்படியே ஒலிபெயர்ந்து வந்தது: ‘பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து’. சுவருக்குப் பூசுகிற சாந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சின்ன வயதில் குழம்பாதவர் குறைவு. சந்தியாகுமையோர் என்ற பெயரின் முன்பாதியும் அதே ‘சாந்து’தான். பிறகு ‘அர்ச்சியசிஷ்ட’ வந்தது. “அர்ச்சியசிஷ்ட மரியாயே” என்று சொல்லிச் செபமாலை உருட்டிய கிழவிகள் வன்னியில் அண்மைக்காலம் வரை இருந்தார்கள். வழிபாட்டுக்குரிய மேலோர் என்பது அதன் கருத்து. நாக்குக்குக் கடினம் என்றாலும் சுத்தம், அசுத்தம் என்ற பேச்சு அதில் இல்லை. சீர்திருத்தச் சபைகள் ‘பரிசுத்தம்’ என்றன. முற்றும் துப்புரவானது என்று பொருள். இன்று கத்தோலிக்கர் வழங்கும் ‘புனிதம்’ வடமொழியில் தூய்மையாக்குதல் என்ற வேரிலிருந்து வந்தது. தேவாரத்தில் சிவனைப் புனிதன் என்று பாடியதால் தமிழுக்கு எப்போதோ சொந்தமாகிவிட்டது. தனித்தமிழ் வேண்டுவோர் ‘தூய்மை’ என்பார்கள். பரிசுத்தம், புனிதம், தூய்மை மூன்றும் கழுவித் துடைத்த பொருளையே நினைவூட்டுகின்றன.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். குறை இருக்கிறது, அதுவும் எங்கள் பக்கத்தில் கூடுதலாக. பிள்ளை பிறந்தால் துடக்கு. செத்தவீடு என்றால் துடக்கு. துடக்கு வீட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள், முப்பத்தொன்று கழியும் வரை கோயிலுக்குப் போகாதவர்கள் இன்றும் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் முழுதாக விட்டுப்போகவில்லை. ஆக, ஊர் வழக்கில் பிறப்பும் இறப்பும் தூய்மை கெடுகிற இடங்கள். கிறிஸ்தவப் போதனை ‘புனிதம்’ என்று அழுத்திச் சொல்வதோ அதே இரண்டு இடங்களில்தான்: கருவில் இருக்கும் உயிர், சாகக் கிடக்கும் உயிர். இரத்தமும் நிணமும் மலமும் சலமுமாக இருக்கும் அந்த இரு முனையிலும் உயிர் புனிதமானது என்று சொல்லும்போது, தூய்மை என்ற பொருளோடு கேட்கிறவருக்கு அது ஒட்டாது. படுக்கையில் கிடக்கும் கிழவருக்குத் துணி மாற்றும் மகளுக்கு உயிரின் தூய்மை என்று சொல்லிப் பாருங்கள்.

மக்கள் வழக்கில் சரியான பொருள் இல்லாமலும் இல்லை. மடுமாதா கோயில் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணித் திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள் மரத்தடியில் சமைத்து, தங்கி, திரும்பும்போது ஒரு சிறங்கை மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். பாம்புக்கடிக்கு அது காவல் என்பது நம்பிக்கை. வயல் காவலுக்குப் போகிறவனின் பையிலும் அந்த முடிச்சு கிடக்கும். மண் அழுக்கு அல்லவா என்று யாரும் கேட்பதில்லை. மாதாவின் மண், அதனால் புனிதம். தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரமும் மனிதனைப் பற்றி இதே போலத்தான் பேசுகிறது. ‘அதாமா’ என்றால் எபிரேயத்தில் நிலம், மண். அதிலிருந்து உருவாக்கப்பட்டவன் ஆதாம். மண்ணின் மூக்கில் கடவுள் ஊதிய மூச்சுத்தான் அவனுடைய உயிர்.

இந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. ‘உயிர்’ என்பதே நமக்கு மூச்சோடு பிறந்த சொல். உயிர்த்தல் என்றால் மூச்சு விடுதல். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. உயிர்த்த ஞாயிறு என்கிறபோதும் அதே வினைதான். எபிரேயத்தின் ‘நெபெஷ்’ என்ற சொல்லும் தொண்டை, மூச்சு, உயிர் என்று மூன்றையும் சேர்த்துச் சுட்டும். பழைய வேதாகமத்தில் வரும் ‘ஜீவசுவாசம்’ வன்னிப் பேச்சில் சீவன் ஆகி, “சீவன் இன்னும் போகேல்லை” என்று நாடி பிடித்துப் பார்க்கும் கைக்கு வந்து நிற்கிறது.

ஆனால் தமிழின் உயிர் அகலமானது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுப் புல்லிலிருந்து ஆறறிவு மனிதர் வரை வரிசைப்படுத்துகிறது. “தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை” என்ற குறள் ஆட்டுக்கும் கோழிக்கும் சேர்த்துத்தான். ஆகவே ‘உயிரின் புனிதம்’ என்று மொட்டையாகச் சொன்னால், நத்தார் தினத்தில் கிடாய் அடிக்கும் வீட்டைப் பார்த்து மரக்கறிக்காரப் பக்கத்து வீட்டு அண்ணை சிரிப்பார். அவர் சிரிப்பதில் நியாயமும் உண்டு. விலங்கை வீணாக வதைக்கவோ கொல்லவோ கூடாது என்று திருச்சபையும் போதிக்கிறது, என்றாலும் இந்தத் தொடர் விலங்குகளைப் பற்றியதல்ல. ‘மனித’ என்ற அடையை விட்டுவிட்டால் இது வேறொரு சமயத்தின் கொள்கை ஆகிவிடும். பத்துக் கட்டளையில் தமிழ் மொழிபெயர்ப்பு ‘கொல்லாதே’ என்று போடாமல் ‘கொலை செய்யாதே’ என்று போட்டதும் பொருத்தம்தான். ஆடு அடித்ததை ஊரில் எவரும் கொலை என்பதில்லை.

அந்த அடைக்குக் காரணம் தொடக்கநூல் 1:27. பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவசாயல்’, இன்றைய திருவிவிலியத்தில் ‘கடவுளின் உருவு’. எனக்குச் சாயல்தான் பிடிக்கும். பிறந்த பிள்ளையைப் பார்க்க வருகிற எந்தக் கிழவியும் முதலில் சொல்வது “தேப்பன்ர சாயல் அப்பிடியே” என்பதுதான். பிள்ளை ஒன்றும் சாதிக்கவில்லை, ஒரு சொல் பேசவில்லை. சாயல் இருக்கிறது, ஆகவே இது இந்த வீட்டுப் பிள்ளை. நோவாவிடம் கொலையைத் தடுக்கும்போதும் (தொடக்கநூல் 9:6) காட்டப்படும் காரணம் இந்தச் சாயலே.

‘மாண்பு’ என்ற சொல்லைப் புனிதத்துக்குப் பதிலாக எழுதுகிறார்கள். இரண்டும் அக்கம்பக்கம், ஆனால் ஒன்றல்ல. மாண்பு ஓர் ஆளை எப்படி நடத்தவேண்டும் என்பதைச் சொல்கிறது, புனிதம் அந்த ஆளின் உயிர் யாருடையது என்பதை. ‘மதிப்பு’ கூடவே கூடாது. மதிப்பென்றால் கூட்டலாம் குறைக்கலாம்.

போதனையின் வீச்சை 1995 மார்ச் 25இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ‘எவாஞ்செலியும் வீத்தே’ என்ற சுற்றுமடலில் விரித்தெழுதினார்: கருக்கலைப்பு, கருணைக்கொலை, மரண தண்டனை எல்லாம் அதில் வருகின்றன. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தி மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதச் செய்தார். சபைகள் எல்லாம் ஒரே குரல் அல்ல. தொடக்கநூல் 9:6ஐயே காட்டிக் கொலைகாரனுக்குத் தூக்குச் சரி என்று வாதிடும் போதகர்கள் உண்டு. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் கருவைக் கலைக்கலாமா என்பதிலும் சபைக்குச் சபை வேறுபாடு. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை அந்த ஒரு காரணத்துக்கு மட்டும் இடம் கொடுக்கிறது. தூக்குத் தண்டனை சட்டத்தில் இருந்தாலும் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை.

தன்னுயிரை மாய்த்தவர்கள் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், எங்கள் பக்கத்தில் கடனும் தனிமையும் எத்தனையோ வீடுகளை அந்த நிலைக்குக் கொண்டுபோயிருப்பதால். முன்பு அவர்களைச் சேமக்காலைக்குள் அடக்க விடமாட்டார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. உயிர் கடவுளுடையது என்றால் தீர்ப்பும் அவருடையதுதானே. இன்னும் பழைய சட்டத்தையே பேசிக்கொண்டு செத்தவீட்டில் முகம் திருப்புகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

உயிரே எல்லாவற்றிலும் பெரிது என்றும் இந்தத் தொடர் சொல்லவில்லை. அப்படியானால் 1544இல் சங்கிலி மன்னன் காலத்தில் மன்னாரில் கொல்லப்பட்ட வேதசாட்சிகளுக்கு இடமிருக்காது. உயிரைக் கொடுக்கலாம், எடுக்கக்கூடாது. வன்னியில் போர்க்காலம் முழுவதும் ‘புனிதம்’ என்ற சொல் உயிரைவிடச் சாவோடு கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசம் இன்னும் போகவில்லை. பிரசங்கம் செய்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

1999 நவம்பர் 20இல் மடுக்கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் எறிகணை விழுந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். கோயில் இடிபட்டதைப் பலர் புனிதக் கேடு என்றார்கள். இந்தப் போதனையின்படி பெரிய கேடு அந்த 40 பேரின் சாவுதான். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில், போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கு வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர் என்று கச்சேரிப் பதிவு. வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எல்லாரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உருண்டைத் தொகையாக ஒன்றரை இலட்சம் என்றும் சொல்லவில்லை. கடைசி ஒன்பது பேரையும் விடாமல் கேட்டார்.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? ‘மனித உயிரின் புனிதம்’ நிலைபெற்றுவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. ‘மீறவொண்ணாமை’ பொருளுக்கு நெருக்கம், பிரசங்கத்தில் எடுபடாது. புனிதம் என்று ஒருமுறை சொன்னால், அடுத்த வாக்கியத்தில் “உயிர் ஆண்டவருடையது” என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. ‘மனித வாழ்வின் புனிதம்’ என்று எழுதுவது மட்டும் தவறான வழக்கு. வாழ்வு என்றால் சீவியம் நடத்துகிற முறை. குடியை விடு, குடும்பத்தைப் பார் என்கிற பிரசங்கத்துக்கு அது பொருந்தும். கருவில் இருக்கிற பிள்ளைக்கும் நினைவு தப்பிக் கிடக்கிற கிழவருக்கும் நடத்திக் காட்ட ஒரு சீவியம் இல்லை, உயிர் இருக்கிறது.