மைலுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள்

ஸ்காபரோவில் சொந்த ட்றக் வைத்து ஓடும் நம்மவர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். போன மாதம் ஒரு தம்பி வந்தார். எட்டு வருடமாக டிரைவான் (மூடிய பெட்டி ட்ரெய்லர்) இழுத்து டெக்சஸ் வரை ஓடுகிறவர். "அண்ணை, இனி நெடுந்தூரம் ஏலாது, பிள்ளையள் வளருதுகள். ஹமில்டனில இருந்து உருக்கு ஏத்திற பிளாட்பெட் வேலை ஒண்டு வந்திருக்கு. கிட்டடி ஓட்டம். மைலுக்கு ஐம்பது சதம் கூடத் தாறாங்களாம். மாறட்டோ?"

பிளாட்பெட் என்றால் சுவரும் கூரையும் இல்லாத திறந்த தட்டு ட்ரெய்லர். இதே கேள்வியோடு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அதனால் அவருக்கு எழுதிக் காட்டிய கணக்கை இங்கேயும் தருகிறேன். விளங்குவதற்காக எண்களை உருண்டையாக எடுத்திருக்கிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ட்றக் தவணை, இன்சூரன்ஸ், பிளேட் எல்லாம் சேர்த்து, ஓடினாலும் நின்றாலும் மாதம் 6,000 டொலர். டீசல், டயர், திருத்தவேலைக்கு மைலுக்கு 90 சதம். நெடுந்தூரத்தில் மாதம் 10,000 மைல், மைலுக்கு 2 டொலர் என்றால் கையில் மிஞ்சுவது 5,000. பிளாட்பெட்டில் மைலுக்கு 2.50 கிடைக்கிறது, ஆனால் ஓட முடிவது 6,000 மைல்தான் என்று வையுங்கள். மிஞ்சுவது 3,600. பழைய 5,000-ஐத் தொட வேண்டுமென்றால் மைலுக்கு 2.74 டொலராவது வேண்டும். தம்பி அந்தத் தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுமையை மூடும் படங்கு (தார்ப்பாய்) கட்டும் கூலியும் காத்திருப்புக் கூலியும் இந்த இடைவெளியை நிரப்பலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால். வாயால் சொன்ன காசு வருட முடிவில் என் மேசைக்கு வந்ததை நான் கண்டதில்லை. அந்த 2.50 சுமையோடு ஓடும் மைலுக்கு மட்டுமா, காலியாகத் திரும்பும் மைலுக்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். மிச்சிகனில் இறக்கிவிட்டு வெறும் தட்டோடு திரும்பினால் விலை பாதியாகிவிடும்.

மைல் ஏன் குறைகிறது? ஆலை வாசலில் வரிசை, ஏற்றம், சங்கிலி, படங்கு, பிறகு இறக்குமிடத்தில் இதெல்லாம் திரும்ப அவிழ்ப்பு. அமெரிக்க விதிப்படி 11 மணித்தியாலம் ஓடலாம், ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். வாசலில் நிற்கும் நேரம் அந்தப் பதினான்கைத்தான் தின்னும்.

பொறுப்பும் வேறு மாதிரி. டிரைவானில் கதவை மூடி முத்திரை போட்டால் பெரும்பாலும் முடிந்தது. இங்கே 45,000 இறாத்தல் உருக்குச் சுருள் திறந்த தட்டில் இருக்கிறது. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சுமையின் அரைவாசிக்குக் குறையக் கூடாது, அதாவது 22,500. 3/8 அங்குலத் தடிப்புள்ள, கிரேட் 70 என்ற தரச் சங்கிலி ஒன்று தாங்குவது 6,600 இறாத்தல். மூன்று காணாது, நாலு வேண்டும். அதற்கு மேல் சுருளுக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. பயிற்சி தராமல் ஏற்றச் சொல்லும் கொம்பனிக்குப் போகாதீர்கள். சங்கிலி, இறுக்கி, படங்கு யார் வாங்குவது, படங்கு கிழிந்து உருக்கு துருப்பிடித்தால் யார் கட்டுவது என்றும் கேட்க வேண்டும். உங்கள் இன்சூரன்ஸ்காரருக்கு முன்னமே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரே சரக்கை நம்பி ட்றக் வாங்கினால் அரசியலும் உங்கள் பங்காளி. 2018-இல் அமெரிக்கா கனடிய உருக்குக்கு 25 வீத வரி போட்டு அடுத்த வருடம் நீக்கியது. 2025 மார்ச்சில் மறுபடி 25, யூனில் 50. எல்லை தாண்டும் உருக்குத்தான் சுமை என்றால், அது குறையும் மாதம் எதை ஏற்றுவது? மரமா, கட்டடப் பொருளா? அந்தக் கொம்பனியிடம் பதில் இருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தட்டே ஏறக்குறைய ஐந்தடி உயரம். அதற்கு மேல் சுமை. மாசியில் உறைந்த படங்கோடு அதில் ஏறிய என் வாடிக்கையாளர் ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்தார். மூன்று மாதம் ஓட முடியவில்லை. தவணை மட்டும் ஓடியது. ஒன்ராறியோவில் சுயாதீனமாக ஓடுபவராகக் கணிக்கப்படுகிறவருக்கு வேலையிடக் காப்புறுதி தானாக வராது. விரும்பி விண்ணப்பித்துப் பணம் கட்டிச் சேர வேண்டும். அவர் சேர்ந்திருக்கவில்லை. அந்தப் படிவத்தைப் பற்றி நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது பிளாட்பெட் என்று வாயெடுக்கும் எல்லாருக்கும் முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் கேட்டும் ஒருவர் மாற விரும்பினால் நான் மறிக்க மாட்டேன். இரவில் பிள்ளைகளோடு சாப்பிடுவதற்கு மாதம் 1,400 டொலர் குறைந்தால் பரவாயில்லை என்று கணவனும் மனைவியும் இருந்து பேசி முடிவெடுத்தால், அது நல்ல முடிவு. குறையப்போகிறது என்று தெரிந்து குறைய வேண்டும், அவ்வளவுதான்.

தம்பி இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அந்தக் கொம்பனியில் ஏற்கனவே ஓடுகிற ஒருவரின் மூன்று மாதக் கொடுப்பனவுத் தாள்களைக் கேட்டிருக்கிறார். குளிர்கால மாதமும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.