புல்லரை மாட்டும் முன் துளைக்குள் பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் தன் கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டே கடைக்கு வந்தார். கையில் புது கிராங்க் புல்லர், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கிராங்கை நடு அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவி. "அண்ணே, வீடியோ பார்த்துத்தான் செஞ்சேன். புல்லர் மட்டும் தனியா கையோட வந்துடுச்சு, கிராங்க் அசையவே இல்லை" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கிராங்கின் உள்மரை முழுக்கச் சுருள் சுருளாக உரிந்திருந்தது. போல்ட்டைக் கழற்றியவர், அதன் அடியில் இருந்த வாஷரை எடுக்கவில்லை. புல்லரின் முனை அச்சைத் தள்ள வேண்டும். இங்கே அது வாஷரைத் தள்ளியிருக்கிறது. வாஷர் உட்கார்ந்திருப்பதோ கிராங்கின் மேலேயே. அப்படியென்றால் கிராங்க் எப்படி வெளியே வரும்?

சதுர அச்சு உள்ள சைக்கிள்களில் இந்தச் சேதத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். அச்சு இரும்பு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். புல்லர் பிடித்துக்கொள்ள கிராங்கில் இருப்பது 22 மில்லிமீட்டர் அகலத்தில், 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டிய மெல்லிய மரை. சில சுற்றுதான். மொத்த விசையையும் அதுதான் தாங்குகிறது. புல்லர் பாதி ஏறிய நிலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் இரண்டு மூன்று சுற்றுகள் மட்டுமே அந்த விசையைத் தாங்க வேண்டியிருக்கும். அவை உரியத்தான் செய்யும்.

அதனால் அவசரப்படாதீர்கள். முதலில் செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போடுங்கள். ஸ்பேனர் நழுவினால் கை நேராகப் பற்களில்தான் போய் மோதும், அது ஆழமாகக் கிழிக்கும். பிறகு போல்ட். பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் சாக்கெட், சிலவற்றில் 8 மில்லிமீட்டர் ஆலன் கீ. இடது பெடலுக்குத்தான் எதிர்மரை. கிராங்க் போல்ட் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான், இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும். இதைக் குழப்பிக்கொண்டு இன்னும் இறுக்கிவிடுகிறவர்கள் பலர். போல்ட் வந்ததும் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வாஷர் இருந்தால் எடுங்கள். மரையில் மண் இருந்தால் பழைய டூத் பிரஷால் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். புல்லரின் நடுத்தண்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்துவிட்டு, புல்லரின் வெளிப்பகுதியைக் கையாலேயே கிராங்கின் மரையில் ஏற்றுங்கள். சாய்ந்து ஏறுகிறது என்று தோன்றினால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். கடைசி வரை ஏறிய பிறகுதான் ஸ்பேனர். அப்புறம் நடுத்தண்டை வலப்பக்கமாகத் திருக, கிராங்க் மெதுவாக நகர்ந்து வரும்.

கிராங்கைப் பின்னாலிருந்து சுத்தியலால் அடித்துக் கழற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த அடி பேரிங்குக்குள்தான் போகிறது.

எல்லாக் கிராங்குக்கும் புல்லர் கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஷிமானோ ஹாலோடெக் 2 வகையில் இடது கிராங்கின் பக்கவாட்டில் இரண்டு சிறிய போல்ட்டுகள் இருக்கும். அவற்றை 5 மில்லிமீட்டர் ஆலன் கீயால் மாற்றி மாற்றித் தளர்த்தி, பிளாஸ்டிக் மூடியை அதற்குரிய கருவியால் கழற்றி, சின்னத் தடுப்புத் தகட்டைத் தூக்கிவிட்டால் கிராங்க் கையோடு வந்துவிடும்.

பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிடித்து வைப்பது காட்டர் பின் என்ற ஆப்பு போன்ற முளை. நட்டை முழுக்கக் கழற்றாமல், பின்னின் நுனிமட்டத்துக்கு வரும்வரை தளர்த்துங்கள். கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயைத் தரையோடு முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னை அடித்தால் விசை தரைக்குப் போகும், பால்ரஸ் கிண்ணம் தப்பிக்கும். காட்டர் பின்னை அழுத்தி வெளியேற்றும் கருவி இருந்தால் சுத்தியலே வேண்டாம். கழற்றிய பின்னை மறுபடி போடாதீர்கள், புதுசு வாங்குங்கள்.

அந்த மாணவரின் கிராங்கை மூன்று கால்களால் பிடித்து இழுக்கும் கியர் புல்லர் போட்டுத்தான் எடுத்தேன். நல்ல வேளையாக அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுக் கிராங்கை மாட்டி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரிஞ்சை அவர் கையில் கொடுத்து அவரையே இறுக்கச் சொன்னேன். இந்த வகைக்குப் பொதுவாக 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். இடது கிராங்க் தளர்ந்தபடியே ஓட்டினால் சதுரத் துளை உருண்டு போகும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. எழுந்து நின்று மிதிக்கும்போது அது கழன்று விழுந்து, முகத்தில் தையலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதிக்கும்போது காலடியில் 'டக்' என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் அங்கேயே இறங்கி, கடை வரை உருட்டிக்கொண்டே வாருங்கள்.